ஸ்டியரிங் ஊளையிட்டால் உடனே பம்பைக் கழற்றாதீர்கள்

பழைய லாரி, வேன் வாங்கியவர்களிடமிருந்து பவர் ஸ்டியரிங் பற்றி நிறையக் கேள்விகள் சேர்ந்துவிட்டன. அதனால் இந்த இதழ் கேள்வி-பதில் முழுக்க அதுதான். டயர், கிளட்ச் பற்றிக் கேட்டவர்கள் அடுத்த இதழ் வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: வணக்கம்ங்க. எட்டு வருஷம் ஓடிய பத்து சக்கர லாரி ஒன்று சங்ககிரியில் வாங்கினேன். காலையில் ஸ்டார்ட் செய்ததும் "உய்ங்" என்று ஒரு சத்தம், ஸ்டியரிங்கை ஒடித்தால் அது கூடுகிறது. கொஞ்ச தூரம் ஓடியதும் பாதியாகக் குறைந்துவிடுகிறது. பட்டறையில் பம்பு போய்விட்டது, மாற்றியே ஆகவேண்டும் என்கிறார்கள். வாங்கிய கையோடு இந்தச் செலவா? — லாரி உரிமையாளர், ராசிபுரம்

பதில்: கொஞ்சம் பொறுங்கள். சத்தம் பம்பிலிருந்து வருகிறது என்பது உண்மையாக இருக்கலாம், ஆனால் கோளாறும் பம்பில்தான் இருக்கிறது என்று அதற்கு அர்த்தம் இல்லை. பம்பு என்ன செய்கிறது? ஸ்டியரிங் ஆயிலுக்கென்று இருக்கிற தனி டேங்கிலிருந்து ஆயிலை உறிஞ்சி, நல்ல பிரஷரில் ஸ்டியரிங் பாக்ஸுக்குத் தள்ளுகிறது, பாக்ஸ் அந்த பிரஷரை வைத்து உங்கள் கைக்கு உதவி செய்துவிட்டு ஆயிலை ரிட்டன் பைப் வழியாக டேங்குக்கே அனுப்புகிறது. உறிஞ்சும் பக்கம் போதுமான ஆயில் கிடைக்காவிட்டால் பம்பு ஊளையிடும். புதுப் பம்பு போட்டாலும் அதே ஊளைதான், ஏனென்றால் பட்டினி தீரவில்லை.

ஆகவே முதலில் டேங்க் மூடியைத் திறந்து பாருங்கள். ஆயில் அளவு குறைந்திருக்கிறதா என்பது எல்லோரும் பார்க்கிற விஷயம், அதைவிட முக்கியம் இன்ஜின் ஓடும்போது ஆயில் எப்படி இருக்கிறது என்பது. நுரை கட்டி, குமிழி குமிழியாக, கலங்கிப்போய் இருந்தால் உள்ளே ஏர் போகிறது. ஏர் எங்கே நுழையும்? டேங்குக்கும் பம்புக்கும் நடுவில் இருக்கிற சக்‌ஷன் ஹோஸில். ஓட்டை விழுந்த ஸ்ட்ராவில் இளநீர் உறிஞ்சுவது போல, அந்த ஹோஸில் வெடிப்பு விட்டிருந்தாலோ கிளிப் தளர்ந்திருந்தாலோ ஆயிலோடு சேர்ந்து காற்றும் உள்ளே போகும், ஆனால் வெளியே அவ்வளவாகச் சொட்டாது, அதனால்தான் பட்டறையில் பலர் "லீக் இல்லையே" என்று சொல்லி அதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். எட்டு வருஷம் வெயிலில் கிடந்த ரப்பர் கல் மாதிரி இறுகியிருக்கும், கிளிப்பை எவ்வளவு முறுக்கினாலும் பிடிக்காது. இரண்டு முனையிலும் அரை அங்குலம் வெட்டிவிட்டுத் திரும்ப மாட்டுகிற வேலை வேண்டாம், ஹோஸையே மாற்றுங்கள், பம்போடு ஒப்பிட்டால் அதன் விலை ஒன்றுமில்லை. ஆயிலுக்குத் தாங்குகிற ஹோஸ்தானா என்று மட்டும் கேட்டு வாங்குங்கள், ரேடியேட்டர் தண்ணீர் ஹோஸை வெட்டி மாட்டினால் சில மாதத்தில் உப்பி உரிந்துவிடும்.

அடுத்தது ஃபில்டர். பெரிய லாரிகளில் டேங்குக்கு உள்ளேயே ஒரு காகித ஃபில்டர் இருக்கும். இன்ஜின் ஆயில் ஃபில்டரை மாற்றுகிறவர்கள் இதை மறந்தே போய்விடுகிறார்கள், வண்டி வாங்கியது முதல் விற்றது வரை மாற்றாமலே ஓடிய டேங்குகள் ஏராளம்.

மூன்றாவது, உங்கள் கடிதத்தில் எனக்கு ரொம்பவும் உறுத்துவது இதுதான்: காலையில் சத்தம், சூடானதும் குறைகிறது. பழைய வண்டி விற்கிறவர்களில் சிலர் லீக்கை அடக்குவதற்கும் தேய்மானத்தை மறைப்பதற்கும் கெட்டியான ஆயிலை, சில சமயம் கியர் ஆயிலையே, ஊற்றிவிடுவார்கள். குளிரில் அது இன்னும் கெட்டியாகி பம்புக்கு உறிஞ்ச வராது, ஊளையிடும். சூடானதும் இளகி சத்தம் அடங்கும். விரலில் தொட்டுத் தேய்த்துப் பாருங்கள். ஸ்டியரிங் ஆயில் மெல்லியதாக, வழக்கமாகச் சிவப்பாக இருக்கும். பிசுபிசு என்று கெட்டியாக, கந்தக வாடை அடித்தால் கியர் ஆயில் என்று வைத்துக்கொள்ளலாம். கருகிய வாடையோடு கறுப்பாக இருந்தால் சூட்டில் வெந்த பழைய ஆயில்.

நிஜமாகவே பம்பு தேய்ந்திருந்தால் கதை பெரும்பாலும் தலைகீழாக இருக்கும். காலையில் ஸ்டியரிங் நன்றாக வரும், சூடாகி ஆயில் மெலிந்ததும் உள்ளுக்குள்ளேயே கசிந்து பிரஷர் ஏறாமல் போகும், லோடோடு ஐடிலில், அதாவது ஆக்சிலேட்டரை மிதிக்காமல், திருப்பினால் கனக்கும், ஆக்சிலேட்டர் கொடுத்தால் லேசாகும். டேங்கின் அடியில் மினுமினு என்று இரும்புத் தூள் இருந்தாலும் பம்பையோ பாக்ஸையோ சந்தேகப்படலாம். அப்போதும் வாயால் முடிவு செய்யாமல் பிரஷர் கேஜ் மாட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். பெரிய லாரிகளில் இந்த லைனில் 100 பாருக்கு (பார் என்பது பிரஷரின் அளவு) மேல் ஏறும், உங்கள் டயரில் இருப்பது 8 பார் சுமார்தான். கேஜ் இல்லாத பட்டறையில் பம்பு மாற்ற ஒத்துக்கொள்ளாதீர்கள் என்பது என் கறாரான கருத்து.

அந்த பிரஷரைச் சொன்னதால் இன்னொன்று: ஹோஸில் மெல்லிய லீக் இருக்கிறதா என்று இன்ஜின் ஓடும்போது கையால் தடவிப் பார்க்கவே கூடாது. ஊசித்துளை வழியாக வரும் ஆயில் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும், வெளியே சின்னப் புள்ளிதான் தெரியும், உள்ளே விரலே போகிற அளவுக்குச் சேதமாகும். அப்படி நடந்தால் வலி இல்லை என்று விடாமல் உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். லீக் பார்க்க ஓர் அட்டையைப் பிடியுங்கள், போதும்.

ஆக உங்களுக்கு என் யோசனை: சக்‌ஷன் ஹோஸ், கிளிப், ஃபில்டர் மாற்றி, இருக்கிற ஆயிலை முழுக்க வடித்துவிட்டுச் சரியான ஆயிலை ஊற்றுங்கள். அப்புறமும் ஊளை இருந்தால் கேஜ். அதற்கும் அப்புறம்தான் பம்பு.

கேள்வி: பழைய நான்கு சக்கர லோடு வேன். ஸ்டியரிங் ஆயிலை நானே மாற்றலாமா? எந்த ஆயில்? கடையில் ஒருவர் டிக்யூ என்கிறார், ஒருவர் இன்ஜின் ஆயிலே போதும் என்கிறார். — வாழைக்காய் வியாபாரி, திருநெல்வேலி

பதில்: தாராளமாக மாற்றலாம், ஆள் துணைக்கு ஒருவர் இருந்தால் போதும். எந்த ஆயில் என்பதை டேங்க் மூடியிலும் வண்டியோடு வந்த புத்தகத்திலும் போட்டிருப்பார்கள், அதுதான் கடைசித் தீர்ப்பு. நம் ஊர் வண்டிகளில் பெரும்பாலும் டெக்ஸ்ரான் வகை ஏடிஎஃப்தான், அதாவது ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸுக்கு ஊற்றுகிற அதே சிவப்பு ஆயில். கடைக்காரர் டிக்யூ என்று சொன்னதும் அந்தச் சரக்கைத்தான், ஒரு கம்பெனி தன் ஆயிலுக்கு வைத்த பெயர் எல்லாவற்றுக்கும் பெயராகிவிட்டது. சில கார்களுக்குப் பச்சை நிறத்தில் தனி ஆயில் உண்டு, அதையும் சிவப்பையும் கலக்காதீர்கள். இன்ஜின் ஆயில் ஊற்றச் சொல்லிப் புத்தகத்திலேயே இருக்கிற வண்டிகளும் உலகத்தில் இருக்கின்றன, உங்கள் புத்தகத்தில் அப்படி இல்லையென்றால் ஊற்ற வேண்டாம்.

அளவு வண்டிக்கு வண்டி மாறும். சின்ன வேனுக்கு ஒரு லிட்டர், ஒன்றரை லிட்டர் பக்கம் வரும், பெரிய லாரிக்கு மூன்று, நான்கு லிட்டர் போகும். பழையதைக் கழுவித் தள்ள இன்னொரு லிட்டர் கூடுதலாக வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், பாதியில் கடைக்கு ஓடுவதுதான் இந்த வேலையில் நடக்கிற பெரிய தப்பு.

முதலில் டேங்கையும் மூடியையும் சுற்றித் துணியால் நன்றாகத் துடையுங்கள், அந்த மண் உள்ளே விழுந்தால் பம்பின் உள்ளே போய்த் தேய்க்கும். பின் சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, முன் ஆக்ஸிலை ஜாக்கியில் தூக்கி, ஜாக்கியை மட்டும் நம்பாமல் ஸ்டாண்டிலோ கெட்டியான மரக்கட்டையிலோ உட்கார வையுங்கள். சக்கரம் தரையில் படாமல் இருந்தால்தான் இன்ஜின் இல்லாமலே ஸ்டியரிங்கைச் சுற்ற முடியும். டேங்கில் இருக்கிற ஆயிலை ஒரு பெரிய சிரிஞ்சால் உறிஞ்சி எடுத்துவிட்டு, ரிட்டன் பைப்பைக் கழற்றி அதன் முனையை ஒரு கேனுக்குள் விடுங்கள், டேங்கில் அந்தப் பைப் மாட்டியிருந்த வாயை அடைத்துவிடுங்கள். எது ரிட்டன் என்று குழப்பம் வரும்: டேங்கிலிருந்து நேராகப் பம்புக்குப் போகிற தடித்தது சக்‌ஷன், ஸ்டியரிங் பாக்ஸிலிருந்து வருவது ரிட்டன். பைப்பைக் கையால் தொடர்ந்து போய்ப் பார்த்துவிட்டே கழற்றுங்கள்.

இப்போது டேங்கில் புது ஆயிலை நிரப்பி, துணைக்கு வந்தவரை இன்ஜின் ஆஃபில் ஸ்டியரிங்கை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை மெதுவாக ஒடிக்கச் சொல்லுங்கள். கேனில் கறுப்பு வந்து விழும். நீங்கள் டேங்க் பக்கமே நின்று ஆயில் இறங்க இறங்க ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும், காலியாக விட்டால் காற்றை உறிஞ்சிவிடும், அப்புறம் அதை விரட்டுவது தனி வேலை. சில இடத்தில் இன்ஜினை ஓடவிட்டு வடிப்பார்கள், சீக்கிரம் முடியும்தான், ஆனால் சில நொடியில் டேங்க் காலியாகிவிடும், காய்ந்து ஓடுகிற பம்பு அந்த நேரத்திலேயே கீறிக்கொள்ளும். பழக்கம் இல்லாதவர்கள் அந்த வழிக்குப் போகாதீர்கள். கேனில் விழுவது சிவப்பானதும் பைப்பை மாட்டிக் கிளிப்பை இறுக்குங்கள், ஃபில்டர் தனியாக இருந்தால் அதையும் இந்தச் சமயத்திலேயே மாற்றிவிடுங்கள்.

ஏர் எடுப்பதில் அவசரப்படக் கூடாது. டேங்கை நிரப்பி, இன்ஜின் ஆஃபிலேயே இன்னும் பல தடவை இரண்டு பக்கமும் ஒடித்துவிட்டு, பிறகு ஸ்டார்ட் செய்து ஐடிலில் விட்டு மெதுவாகத் திருப்புங்கள். கோடியில் கொண்டுபோய் அழுத்திப் பிடிக்க வேண்டாம், தொட்டதும் திரும்பிவிடுங்கள். குமிழி வருவது நிற்கிற வரை இது. ஆயில் பால் மாதிரி வெளுத்து நுரைத்துவிட்டால் இன்ஜினை நிறுத்திவிட்டு ஒரு டீ குடித்துவிட்டு வாருங்கள், நுரை தானாக அடங்கும், பிறகு தொடரலாம். ஏர் போய்விட்டதா என்று தெரிந்துகொள்ள ஒரு நல்ல வழி உண்டு: இன்ஜின் ஓடும்போது ஆயில் நிற்கிற இடத்தைப் பார்த்துக்கொண்டு, இன்ஜினை நிறுத்துங்கள். மட்டம் ஓரிரு சென்டிமீட்டர் ஏறினால் பரவாயில்லை. அதற்கு மேல் மளமள என்று ஏறினால் உள்ளே இன்னும் காற்று அமுங்கிக் கிடக்கிறது.

வடித்த ஆயிலைச் சேஸிஸில் பூசலாமா என்று கடிதத்தின் கடைசியில் கேட்டிருக்கிறீர்கள். ஊரெல்லாம் பூசுகிறார்கள், தெரியும். ஸ்பிரிங் பட்டையின் புஷ், ரப்பர் மவுண்டிங் எல்லாம் அதில் ஊறி உப்பும், பிரேக் டிரம் பக்கம் வழிந்தால் ஆபத்து. ஓடையில் ஊற்றுவது பற்றிப் பேசவே வேண்டாம். பட்டறைகளில் டிரம்மில் சேர்த்து, உரிமம் பெற்ற மறுசுழற்சிக்காரர்களுக்குக் கொடுப்பார்கள், உங்கள் கேனையும் அதில் கவிழ்த்துவிடுங்கள்.

கேள்வி: ஸ்டியரிங் ஆயில் அடிக்கடி குறைகிறது, கீழே ஒரு சொட்டு கூட இல்லை. அட்டை விரித்துப் பார்த்தும் ஒன்றும் காணோம். ஆயில் எங்கேதான் போகிறது? — டிரைவர், கரூர்

பதில்: இன்ஜின் ஆயில் டிப் ஸ்டிக்கை எடுத்துப் பாருங்கள். நீங்கள் ஊற்றாமலே மட்டம் ஏறியிருக்கிறதா? பல லாரிகளில் பம்புக்கு பெல்ட் கிடையாது, இன்ஜினின் கியர்தான் நேராக அதைச் சுற்றுகிறது. பம்பு ஷாஃப்டில் இருக்கிற ஆயில் சீல் போய்விட்டால் ஸ்டியரிங் ஆயில் சத்தமில்லாமல் இன்ஜினுக்குள் இறங்கிவிடும். வெளியே எங்கே தேடினாலும் கிடைக்காது. இன்ஜின் ஆயில் இதனால் மெலிந்துபோகும், ஆகவே ஸ்டியரிங்குக்கு ஊற்றி ஊற்றி ஓட்டலாம் என்று நினைக்காதீர்கள். சீல் மாற்ற வேண்டும், கூடவே இன்ஜின் ஆயிலையும்.

பெல்ட் வைத்த பம்பாக இருந்தால் இந்தக் கவலை இல்லை. அப்போது ஸ்டியரிங் பாக்ஸுக்கு மேலே, ஸ்டியரிங் தடி நுழைகிற இடத்தில் ரப்பர் மூடியைத் தூக்கிப் பாருங்கள், அங்கே கசிந்து மண்ணோடு சேர்ந்து உலர்ந்திருக்கும், தரைக்கு வராது. லீக் அடைக்கிற மருந்து என்று கடையில் விற்பது ரப்பரை உப்ப வைக்கிற சமாச்சாரம், நாலு நாள் நிற்கும், பிறகு ரப்பர் இன்னும் மோசமாகும். எனக்கு அதில் நம்பிக்கை கிடையாது.

கேள்வி: கிளீனர் பையன் தெரியாமல் ஸ்டியரிங் டேங்கில் பிரேக் ஆயிலை ஊற்றிவிட்டான். கொஞ்சம்தான். ஓட்டலாமா சார்? — துறையூர்

பதில்: ஓட்டாதீர்கள். ஸ்டார்ட் கூடப் பண்ணாதீர்கள். பிரேக் ஆயிலும் ஸ்டியரிங் ஆயிலும் ஜாதியே வேறு, ஸ்டியரிங் சீல்களுக்கான ரப்பர் பிரேக் ஆயிலில் உப்பிக் கெட்டுவிடும். இன்ஜின் ஓடாமல் இருந்தால் கலப்படம் இன்னும் டேங்கில்தான் இருக்கும், அதை உறிஞ்சி எடுத்து, டேங்கைக் கழற்றித் துடைத்து, புது ஆயில் ஊற்றினால் தப்பித்தீர்கள். ஓடிவிட்டதென்றால் மேலே திருநெல்வேலிக்காரருக்குச் சொன்ன முறையில் முழுக்க வடிக்க வேண்டும், ஒரு தடவைக்கு இரண்டு தடவை. பையனைத் திட்டுவதை விட, இரண்டு டேங்க் மூடியிலும் பெயின்டில் பெரிதாக எழுதி வையுங்கள்.

கேள்வி: கொல்லிமலைக்கு பிக்கப் ஓட்டுகிறேன். கொண்டை ஊசியில் முழுசாக ஒடித்தால் "ஸ்ஸ்ஸ்" என்று சீறுகிறது, நேராக்கினால் இல்லை. வளைவு 70 இருக்கிறதே, பாக்ஸ் தாங்குமா? — சேந்தமங்கலம்

பதில்: தாங்கும். கோடிவரை ஒடித்ததும் சக்கரம் ஸ்டாப்பரில் முட்டி நின்றுவிடும், ஆயிலுக்குப் போக இடமில்லாமல் பிரஷர் ஏறும், அப்போது ரிலீஃப் வால்வு திறந்து அதை விடுவிக்கும், அந்தச் சீறல்தான் அது. பெல்ட் "கீச்" என்று கத்தினால்தான் வேறு விஷயம், பெல்ட் தளர்ந்தோ பளபளத்தோ போயிருக்கிறது என்று அர்த்தம்.

ஆனால் கோடியில் பிடித்துக்கொண்டே இருக்கக் கூடாது, ஐந்து நொடிக்கு மேல் வேண்டாம். அந்த நேரத்தில் பம்பின் சக்தி முழுக்கச் சூடாக மாறுகிறது, ஆயில் வெந்து சீல் கருகும். கொண்டை ஊசியில் கடைசிப் பல்லுவரை ஒடித்துவிட்டு ஒரு விரற்கடை திருப்பிக்கொடுங்கள், சீறல் நின்றுவிடும், வண்டி திரும்புவதில் வித்தியாசம் தெரியாது. நின்ற இடத்திலேயே லோடோடு சக்கரத்தைத் திருப்புவதும் அதே மாதிரிக் கெடுதல், வண்டியைத் துளி உருட்டிக்கொண்டு திருப்புங்கள்.

இன்னொன்றும் இருக்கிறது. இறக்கத்தில் டீசல் மிச்சம் பிடிக்க இன்ஜினை ஆஃப் செய்து உருட்டுகிற ஆட்கள் இன்னமும் இருக்கிறார்கள். இன்ஜின் நின்றால் பம்பு நிற்கும், ஸ்டியரிங் சட்டென்று இரும்பாகிவிடும். பிரேக்கின் கதியும் அதுதான், பிரேக் மிதிக்க உதவுகிற பூஸ்டரில் மிச்சமிருக்கிற வேக்கம் ஓரிரு மிதிக்குத்தான் வரும். நீங்கள் அப்படிச் செய்வதாக எழுதவில்லை, கொல்லிமலை என்றதும் சொல்லத் தோன்றியது.

கேள்வி: டாடா இன்ட்ரா பழைய வண்டி வாங்கினேன். பவர் ஸ்டியரிங் ஆயில் டேங்க் எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை. — திண்டுக்கல்

பதில்: இல்லாததை எங்கே தேடுவீர்கள்? அதில் இருப்பது எலக்ட்ரிக் பவர் ஸ்டியரிங். மோட்டார்தான் உதவி செய்கிறது. ஆயில் இல்லை, ஹோஸ் இல்லை, பம்பும் இல்லை. பேட்டரியையும் எர்த் கேபிளையும் மட்டும் ஒழுங்காக வைத்துக்கொள்ளுங்கள், டேஷ்போர்டில் ஸ்டியரிங் விளக்கு எரிந்தால் ஸ்கேனர் இருக்கிற இடத்துக்குப் போங்கள்.

கேள்வி: பள்ளத்தில் இறங்கினால் ஸ்டியரிங்கில் "டக் டக்" என்கிறது, ஸ்டியரிங் கனமாகவும் இருக்கிறது. ஆயில் மாற்றியும் போகவில்லை. ஸ்டியரிங் பாக்ஸில் இருக்கிற ஸ்குரூவை டைட் செய்தால் சரியாகும் என்கிறார்கள். — மணல் லாரி டிரைவர், முசிறி

பதில்: அந்த ஸ்குரூவில் கை வைக்காதீர்கள். அது பாக்ஸ் உள்ளே இருக்கிற பல்லுக்கான அட்ஜஸ்ட்மென்ட், சக்கரம் நேராக இருக்கும்போது அளவு பார்த்துச் செய்ய வேண்டியது. கூடுதலாக இறுக்கினால் வளைவு முடிந்ததும் ஸ்டியரிங் தானாக நேருக்குத் திரும்பாது, பல்லும் தேயும்.

"டக்" என்பது ஆயில் சத்தம் அல்ல, இரும்பில் இரும்பு இடிக்கிற சத்தம். ஒருவர் ஸ்டியரிங்கை இப்படியும் அப்படியும் கொஞ்சம் கொஞ்சமாக ஆட்ட, நீங்கள் கீழே குனிந்து ஒவ்வொரு மூட்டிலும் கை வைத்துப் பாருங்கள்: ஸ்டியரிங் தடியின் யூனிவர்சல் ஜாயின்ட், பாக்ஸிலிருந்து சக்கரத்துக்குப் போகிற டிராக் லிங்க், இரண்டு முன் சக்கரத்தையும் இணைக்கிற டை ராடின் எண்ட், பாக்ஸைச் சேஸிஸோடு பிடிக்கிற போல்ட். எங்கே தட்டுகிறதோ கையில் தெரியும். பாக்ஸ் போல்ட் தளர்ந்திருந்தால் பாக்ஸே அசைவது கண்ணுக்குத் தெரியும், அப்படி இருந்தால் வண்டியை அங்கேயே நிறுத்திவிட்டு மெக்கானிக்கை வரவழையுங்கள்.

கனத்துக்கு வருவோம். முன் ஆக்ஸிலை ஜாக்கியில் தூக்கி, டிராக் லிங்கைக் கழற்றிவிட்டு, சக்கரத்தைக் கையால் தள்ளிப் பாருங்கள். அப்போதும் இறுக்கமாக இருந்தால் பவர் ஸ்டியரிங்குக்கு இதில் சம்பந்தமே இல்லை, முன் சக்கரம் திரும்புகிற அச்சான கிங்பின் காய்ந்திருக்கிறது. மணல் லோடில் நீரும் தூசியும் கலந்து கிரீஸைக் கழுவிவிடும். கிரீஸ் அடிக்கும்போது ஆக்ஸிலில் பாரம் இருந்தால் கிரீஸ் கீழ்ப் பக்கத்துக்குச் சரியாகப் போகாது, தூக்கி வைத்து அடிக்கச் சொல்லுங்கள், பழைய கறுப்பு கிரீஸ் வெளியே பிதுங்கி, புதியது தெரிகிற வரை. கிரீஸ் ஏற்றுகிற நிப்பிள் அடைத்துக்கொண்டு கிரீஸே ஏறவில்லை என்றால் நிப்பிளை மாற்றிவிட்டு அடியுங்கள். முன் டயரில் காற்று குறைந்தாலும் கனக்கும், ஆக எல்லாவற்றுக்கும் முன்னால் அதைப் பார்த்துவிடுங்கள், காசு செலவில்லாத வேலை அது ஒன்றுதான்.